நண்பர்களுடன் பல நாள் இசைவிழாவுக்குச் செல்லும்போது எவற்றை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்?

ஐந்தாறு நண்பர்கள் சேர்ந்து முதன்முறையாக மூன்று, நான்கு நாள் நடக்கும் திறந்தவெளி இசைவிழாவுக்குப் போவதாகவும், எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லுமாறும் கேட்டிருக்கிறீர்கள். எடுத்துச்செல்ல வேண்டிய பொருள்களின் பட்டியல் தேடினால் எங்கும் கிடைத்துவிடும் என்பதால் அதை நான் தொடப்போவதில்லை. ஒரே நண்பர் குழுவுடன் பல ஆண்டுகளாக இத்தகைய விழாக்களுக்குச் சென்றுவருபவன் என்ற முறையில், எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: எப்போது எல்லோரும் ஒன்றாக இருக்கப்போகிறீர்கள், எப்போது அவரவர் வழியில் பிரியப்போகிறீர்கள் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே மனம்விட்டுப் பேசிவிடுங்கள். இத்தகைய பயணங்களில் வரும் மனத்தாங்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு பேச்சு நடக்காமல் போவதால்தான் வருகின்றன.

பெரிய விழாக்களில் ஒரே நேரத்தில் பல மேடைகளில் நிகழ்ச்சிகள் நடக்கும். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுகிறார்கள். அங்கே ஒரு மேடையிலிருந்து மற்றொரு மேடைக்குக் கூட்டத்தினூடே நடந்துசெல்வதே தனி வேலையாகிவிடும். ஆறு பேரும் எங்கும் சேர்ந்தே போவது என்று வைத்துக்கொண்டால், ஒருவர் தண்ணீர் பிடிக்கப் போயிருப்பார், இன்னொருவர் கழிப்பறை வரிசையில் நிற்பார், மற்றவர்கள் அவர்களுக்காகக் காத்திருப்பார்கள். அதற்குள் கேட்க வந்த பாட்டு முடிந்திருக்கும். அதனால் மேடைவாரியான கால அட்டவணை வெளியானதும் நாங்கள் அதைப் பெரிய தாளில் அச்செடுத்து மேசையில் விரித்து, ஆளுக்கொரு வண்ணப் பேனாவுடன் உட்கார்ந்துவிடுவோம். யாரும் வராவிட்டாலும் தனியாகவேனும் போயே தீருவேன் என்ற நிகழ்ச்சிக்கு வட்டம். துணை கிடைத்தால் போகலாம் என்பதற்குச் சிறு கோடு. வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடங்கள் தாமாகவே கண்ணுக்குத் தெரியும். நாளுக்கு ஒரு நிகழ்ச்சியை, பெரும்பாலும் இரவின் பெரிய கச்சேரியை, எல்லோரும் சேர்ந்து கேட்பது என்று உறுதிசெய்துவிட்டு, மீதி நேரத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுவோம். பக்கத்தில் நிற்பவர் சலிப்புடன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், நெடுநாளாகக் காத்திருந்து கேட்கும் பாடகரின் குரல்கூட மனத்தில் தங்காது. விருப்பமில்லாத நண்பரை இழுத்துக்கொண்டு போவதைவிடத் தனியாகப் போய்க் கேட்பது இருவருக்குமே நல்லது.

பிரிந்து செல்வதென்றால் மீண்டும் சேரும் வழியும் தெளிவாக இருக்க வேண்டும். செல்போனை மட்டும் நம்ப வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆயிரக்கணக்கானோர் ஒரே மைதானத்தில் காணொளி அனுப்பிக்கொண்டிருக்கும்போது சிக்னல் இருப்பதாகத் திரை காட்டினாலும் அழைப்பு போகாது. குறுஞ்செய்தி போனாலும் மிகவும் தாமதமாகப் போய்ச் சேரக்கூடும். ‘வாசலில் நிற்கிறேன், வா’ என்ற செய்தி ஒரு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தால், அதை நம்பிப் போகிறவர் வெறும் வாசலைத்தான் பார்ப்பார். ஆகவே எந்தச் செய்தியிலும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்: ‘8.40: முதலுதவிக் கூடாரத்தின் இடப்பக்கம், 9 மணி வரை இருப்பேன்’ என்பது போல. சந்திக்கும் இடம் அசையாத ஒன்றாக இருக்கட்டும். எண் எழுதிய விளக்குக் கம்பமோ முதலுதவிக் கூடாரமோ சரியாக இருக்கும். யாரோ ஏந்தி நிற்கும் கொடியை அடையாளமாக வைத்துக்கொண்டால், கொடி நகரும்போது அடையாளமும் நகர்ந்துவிடும். மேடையை ஒட்டிய இடமும் வேண்டாம், ஏனெனில் கச்சேரி முடிந்து கூட்டம் கலையும்போது அங்கே நிற்கவே முடியாது. போன் அணைந்துபோனால் உதவும் என்பதற்காக நண்பர்களின் எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒவ்வொருவரும் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

எங்கே நின்று கேட்பது என்பதிலும் நண்பர்களுக்குள் கருத்து வேறுபாடு வரும். ஒருவருக்குக் கலைஞரின் முகம் தெரிய வேண்டும். இன்னொருவருக்கு ஒலி சுத்தமாகக் கேட்க வேண்டும். இரண்டாவது வகையினர் ஒலிப்பொறியாளர், ஒலிகளைக் கலந்து சீராக்கும் மிக்ஸர் கருவியுடன் அமர்ந்திருக்கும் கூண்டை ஒட்டி நிற்கலாம், அவர் தம் காதில் விழுவதை வைத்துத்தான் ஒலியைச் சமன்செய்கிறார். அதற்கும் வெகுதூரம் பின்னால் போய் நின்றால் கவனித்துப் பாருங்கள்: டிரம்ஸ் வாசிப்பவரின் குச்சி முதலில் விழும், ஓசை அதன் பிறகுதான் வரும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் செல்வதால் 100 மீட்டர் தொலைவைக் கடக்க அதற்குக் கிட்டத்தட்ட 0.3 நொடி ஆகிறது. மைதானத்தின் நடுவிலும் பின்னாலும் கோபுரங்களில் தொங்கும் ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் ஒலியை வேண்டுமென்றே அந்த அளவுக்குத் தாமதப்படுத்தித்தான் அனுப்புகிறார்கள். இல்லாவிட்டால் பின்னால் நிற்பவர்களுக்கு ஒவ்வொரு அடியும் இரண்டு முறை கேட்கும்.

முன்வரிசைக்குப் போகிறவர்கள் ஓர் உண்மையை மனத்தில் வைத்திருக்க வேண்டும். டென்மார்க்கின் ராஸ்கில்டே விழாவில் 2000-ஆம் ஆண்டு மேடைக்கு முன்னால் ஏற்பட்ட நெரிசலில் ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். ஒரு சதுர மீட்டருக்குள் ஐந்து பேருக்கு மேல் நிற்கும் அளவுக்குக் கூட்டம் நெருங்கினால், நம் உடல் நம் விருப்பப்படி நகராமல் கூட்டத்தின் அசைவோடு நகரத் தொடங்கும். நாலாபக்கமும் தோள்கள் இடித்து, கைகளை உயர்த்தி முகத்தைத் துடைக்கக்கூட இடமில்லாமல் போவதுதான் வெளியேற வேண்டியதற்கான அறிகுறி. பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரு கைகளையும் மார்புக்கு முன்னால் மடக்கி மூச்சுவிட இடம் வைத்துக்கொண்டு, தள்ளுதலை எதிர்க்காமல், அலை தணியும் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் சாய்வாக ஓரத்தை நோக்கி நகருங்கள். முன்னால் போகிறவர் யாராயினும் இருவராகப் போவது என்பது எங்கள் குழுவில் யாரும் மீறாத விதி.

காதுகளையும் மறந்துவிட வேண்டாம். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது என்பது பணியிடப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதன்படி 100 டெசிபலில் 15 நிமிடமே பாதுகாப்பானது. பெரிய மேடைகளுக்கு முன்னால் அந்த அளவு சாதாரணம். இசைக்கென்றே செய்யப்படும் காதடைப்பான்கள் ஒலியின் அளவை மட்டும் குறைக்கின்றன, பாட்டு மங்கிப்போவதில்லை. நான்கு நாளும் கேட்க வேண்டுமென்றால் முதல் நாள் முதல் கச்சேரியிலிருந்தே அவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் படுத்த பிறகு காதில் இரைச்சல் கேட்டால் மறுநாள் மேடையிலிருந்து தள்ளி நிற்பதே நல்லது.

பண விஷயம் சுருக்கமானதுதான், ஆனால் பேசாமல் விட்டால் கசப்பில் முடியும். டிக்கெட் வாங்கிய பிறகு ஒருவர் வர முடியாமல் போனால் அந்தப் பணத்தை யார் ஏற்பது என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள். சில விழாக்களில் டிக்கெட்டை மற்றொருவருக்கு மாற்றித்தர இயலாது. கிளாஸ்டன்பரியில் ஒவ்வொருவரும் புகைப்படத்துடன் முன்பதிவு செய்திருந்தால்தான் டிக்கெட்டே கிடைக்கும். கூடாரம், வண்டி, எரிபொருள் ஆகியவை பொதுச் செலவு, உணவும் பானமும் அவரவர் செலவு என்று பிரித்துக்கொண்டால் கணக்கு எளிதாகும், குறைவாகச் செலவழிக்க விரும்பும் நண்பருக்கும் சங்கடம் இருக்காது.

வானிலை நம் கையில் இல்லை. ஜப்பானின் ஃபுஜி ராக் விழா 1997-இல் முதன்முதலாக நடந்தபோது புயல் தாக்கி இரண்டாம் நாள் முழுவதும் ரத்தானது. ஜெர்மனியின் வாக்கன் விழாவில் 2023-இல் சேறு காரணமாக உள்ளே விடுவதையே நிறுத்தினார்கள். உறங்கும் உடையும் ஒரு ஜோடி காலுறையும் நீர் புகாத பையில் தனியாக இருந்தால் பெருமழையிலும் அன்றைய இரவைக் கடத்திவிடலாம்.

உங்களில் யாருக்காவது தலைசுற்றலோ குழப்பமான பேச்சோ வந்தால், அவரைக் கூடாரத்தில் படுக்கவைத்துவிட்டுக் கச்சேரிக்குத் திரும்பாதீர்கள். ஒருவர் கூடவே இருக்க, மற்றவர் மருத்துவக் குழுவை அழைத்து வரட்டும். அவர் என்ன குடித்தார், என்ன உட்கொண்டார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, திரும்பும் பயணம். 1969-இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசைவிழா திட்டமிட்ட மூன்று நாள்களைத் தாண்டி திங்கட்கிழமை காலைக்கு நீண்டது. இறுதி நிகழ்ச்சிக்காகக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மேடையேறியபோது பெருங்கூட்டத்தில் பெரும்பகுதி வீடு திரும்பியிருந்தது. இறுதி நிகழ்ச்சி நடக்கும் இரவிலேயே ரயிலையோ விமானத்தையோ பிடிப்பதாகத் திட்டமிட்டால், நிகழ்ச்சி தாமதமாகும்போது குழு இரண்டாக உடையும். மறுநாள் பிற்பகலுக்கு முன்பதிவு செய்யுங்கள். சொந்த வண்டியில் போவதாக இருந்தால், ஓட்டப்போகிறவர் யார் என்பதை முதல் நாளே முடிவுசெய்து, கடைசி இரவில் அவர் மது அருந்தாமல் போதுமான நேரம் தூங்குவதற்கு மற்ற எல்லோரும் உதவுங்கள். காலையில் கூடாரத்தைப் பிரித்து மடிக்கும் வேலையையும் அவருக்கு வைக்காதீர்கள்.