மிருகம் என்ற சொல்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் சென்ற வாரம் ஒருவரைத் திருடன் என்று பிடித்து, விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். வெளியூர்க்காரர். கடையில் இருந்த செல்போனை எடுத்துவிட்டார் என்றார்கள். பிறகு அது கடைக்காரரின் மேஜை டிராயரிலேயே கிடைத்தது. அடித்தவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும், தினமும் பார்த்துச் சிரிப்பவர்கள். “இந்த மிருகத்தை விடாதே” என்று கத்திக்கொண்டே அடித்தார்கள். பூ விற்கும் அம்மாள் ஒருவர்தான் கூட்டத்துக்குள் புகுந்து அவர் வாயில் தண்ணீர் ஊற்றினார். நான் இருபது நிமிடம் நின்றேன். எதுவும் செய்யவில்லை. மனிதன் மிருகமாகிவிட்டான், மிருகம்கூடத் தன் இனத்தை இப்படிச் செய்யாது என்று இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது. நாம் விலங்கிலிருந்து மேலே வந்தவர்களா, விலங்குக்கும் கீழே போய்விட்டவர்களா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மிருகம்கூட இப்படிச் செய்யாது என்கிறீர்கள். செய்யும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை யோசிக்க அது தேவை.

ஜேன் குடால் என்ற ஆங்கிலேயப் பெண் 1960 ஜூலையில், தன் 26ஆவது வயதில், ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரிக்கரையில் உள்ள கோம்பே காட்டுக்குச் சிம்பன்சிகளைப் பார்க்கப் போனார். சில மாதங்களில், டேவிட் கிரேபியர்ட் என்று அவர் பெயரிட்ட நரைத்தாடிக்காரன் ஒரு புல்தண்டைக் கரையான் புற்றுக்குள் விட்டு, அதில் தொற்றிக்கொண்டு வந்த கரையான்களை உதட்டால் வழித்துத் தின்பதைக் கண்டார். கருவி செய்வது மனிதன் மட்டுமே என்ற பாடம் அன்றோடு முடிந்தது. (நரைத்தாடிக்காரன் என்றே எழுதுகிறேன். சிம்பன்சிகளுக்கு எண் கொடுக்காமல் பெயர் வைத்ததற்காகக் கேம்பிரிட்ஜில் குடாலைக் குறை சொன்னார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.) சிம்பன்சிகள் நம்மைப் போலத்தான், ஆனால் நம்மைவிட நல்லவர்கள் என்று அவரே வெகுகாலம் நம்பியிருந்தார்.

பிறகு அந்தக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. வடக்கே காசகேலா, தெற்கே கஹாமா. 1974 ஜனவரி 7ஆம் தேதி வடக்கிலிருந்து எட்டுப் பேர் எல்லை தாண்டி வந்து, தனியாக மரத்தில் தின்றுகொண்டிருந்த கோடி என்பவனைப் பிடித்தார்கள். ஒருவன் அவனைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் அடித்தார்கள், கடித்தார்கள். சுமார் பத்து நிமிடம். அவர்கள் போனபின் கோடி மெதுவாக எழுந்து போனான். அதன்பின் அவனை யாரும் பார்க்கவில்லை. நான்கு ஆண்டுகளில் தெற்குக் கூட்டத்தின் ஆண்களில் ஒருவன்கூட மிஞ்சவில்லை. செத்தவர்களில் கோலியாத் என்ற கிழவனும் உண்டு. பிரிவதற்கு முன், ஒரு காலத்தில் அவர்கள் எல்லோருக்கும் தலைவனாக இருந்தவன் அவன். வெளியார் யாரும் அவனைக் கொல்லவில்லை. கூடவே திரிந்தவர்கள், உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டவர்கள் கொன்றார்கள்.

மனிதர்கள் வாழைப்பழம் கொடுத்துப் பழக்கியதால் வந்த சண்டை என்று சிலர் சொன்னார்கள். 2014இல் 18 சிம்பன்சிக் கூட்டங்களின் நீண்டகாலப் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, மனிதத் தலையீடு கூடிய இடத்தில் கொலையும் கூடியிருப்பதாகத் தெரியவில்லை.

இதே கோம்பேயில் 1987இல் நிமோனியா வந்து பலர் செத்தார்கள். மெல் என்ற மூன்று வயதுக் குட்டியின் தாயும் போய்விட்டாள். அவனுக்கு அண்ணனும் இல்லை, அக்காவும் இல்லை. நோஞ்சான். பிழைக்க மாட்டான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஸ்பிண்டில் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் அவனைத் தூக்கிக்கொண்டான். நெருங்கிய உறவு எதுவும் கிடையாது. முதுகில் சுமந்தான், மழையில் வயிற்றோடு அணைத்துக்கொண்டான், இரவில் தன் கூட்டில் படுக்க வைத்தான், கேட்டால் உணவைப் பகிர்ந்தான். பெரிய ஆண்கள் மூர்க்கமாகப் பாயும்போது சின்னவனை இழுத்துக் காப்பாற்றப் போய் அடியும் வாங்கினான். அதே நோயில் ஸ்பிண்டிலின் தாயும் இறந்திருந்தாள்.

உங்கள் பேருந்து நிலையத்தில் நடந்த இரண்டுக்குமே வேர் அங்கே இருக்கிறது. கம்பத்தைச் சுற்றி நின்ற கைகளுக்கும், தண்ணீர் ஊற்றிய கைக்கும். அடித்ததற்கு மிருகம் என்றும், தண்ணீர் கொடுத்ததற்கு மனிதம் என்றும் பேர் வைத்துக்கொள்கிறோம். நல்லதை மட்டும் நம் கணக்கில் எழுதிக்கொள்கிற பழக்கம் இது.

தொல்காப்பியம் உயிர்களை அறிவால் வகுத்து, “மக்கள் தாமே ஆறறி வுயிரே” என்று சொல்லிவிட்டு அங்கே நிறுத்தவில்லை. “பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே”, அந்த வகையில் பிறந்த வேறு உயிர்களும் உண்டு, என்று அடுத்த அடி. உரையில் கிளியும் குரங்கும் யானையும் அந்த வரிசையில் வருகின்றன. முதல் அடியை மேடைதோறும் கேட்டிருக்கிறேன். இரண்டாம் அடியை ஒரு மேடையிலும் கேட்டதில்லை.

நான் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயது இருக்கும். தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு நாங்கள் நான்கு பேர் ஓர் ஓணானைப் பிடித்தோம். வேலி முள்ளில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. சுருக்கு கழுத்தில் இறங்கும் வரை ஓடவே இல்லை. தாத்தாவின் டப்பாவிலிருந்து எடுத்து வந்த மூக்குப்பொடியை நான்தான் அதன் வாயில் திணித்தேன். வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு ஒரே இடத்தில் கிறுகிறுவென்று சுற்றியது. கழுத்துச் சிவப்பு மெல்ல மெல்ல வெளுத்தது. நாங்கள் சிரித்தோம். ராமர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். அதனால் ஓணானை அடிக்கலாம். அந்தக் கதை மட்டும் இல்லையென்றால் என்னால் அந்த வாயைப் பிளந்திருக்க முடியாது.

வடக்குக் கூட்டத்துக்குக் கோடியைக் கொல்ல எந்தக் கதையும் தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்படுகிறது. எதிரில் கட்டப்பட்டிருப்பவர் நம்மைப் போன்ற ஒருவர் என்பது நமக்கு நன்றாகவே தெரியும், அதை மறக்க ஒரு சொல் வேண்டியிருக்கிறது. உங்கள் ஊரில் அந்தச் சொல் ‘மிருகம்’. அன்று இரவு நீங்களும் அதே சொல்லை எடுத்து அடித்தவர்கள் மீது வைத்தீர்கள். உங்கள் வேதனை புரிகிறது, ஆனால் வேண்டாம். அவர்கள் நாளைக்கும் உங்களைப் பார்த்துச் சிரிக்கப் போகிற அதே மனிதர்கள்தான். அப்படியே அவர்களைப் பாருங்கள், முடிந்தால் அன்று நடந்ததை அவர்களிடமே பேசுங்கள். நீங்கள் நின்ற இருபது நிமிடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேலே கீழே என்ற கேள்வி எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

அந்தப் பூக்கார அம்மாளிடமும் போய்ப் பேசுங்கள். அந்த நேரத்தில் அவருக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள். ஒன்றும் தோன்றவில்லை என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

அடிபட்டவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவர் பெயரும் இல்லை. விசாரித்து எழுதுங்கள்.