கைக்கடிகாரம், களி, உப்புப் பொட்டலம்: இரத்த அழுத்தம் குறித்த கேள்வி பதில்

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்: ஐயா, என் ஸ்மார்ட் வாட்ச் 118/76 என்று காட்டுகிறது. அதே நாளில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த சகோதரி பார்த்தபோது 148/92 இருந்தது. எதை நம்புவது?

மேற்கையில் பட்டை சுற்றி அளந்த எண்ணையே நம்புங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய அத்திட்டம், வீட்டு வாசலிலேயே இந்த அளவீட்டைத் தருவதை நான் பெரிதும் மதிக்கிறேன். கடிகாரம் தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் கூடிக் குறைவதைப் பார்க்கிறது. அந்த அலையின் வடிவத்தைக் கொண்டு அழுத்தம் இவ்வளவு இருக்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்கிறது. அதனால்தான் சாம்சங் நிறுவனமே 28 நாளுக்கு ஒருமுறை பட்டைக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கிறது. அப்படி எதையும் கேட்காமல் எண்ணைக் காட்டும் மலிவான கடிகாரங்களை நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் ஒரே ஒரு 148-ஐ வைத்தும் முடிவு கட்ட வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை என, ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். அது 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பென்னாகரம், இல்லத்தரசி: எங்கள் வீட்டில் அன்றாடம் கேழ்வரகுக் களிதான். உப்பைக் குறைத்தால் என் கணவருக்குப் பிரஷர் குறைகிறதா என்று கடிகாரத்தை வைத்துக் கண்டறிய முடியுமா?

முடியும் அம்மா, ஆனால் கடிகாரம் மட்டும் போதாது, ஏனெனில் அவர் என்ன சாப்பிட்டார் என்பது அதற்குத் தெரியாது. உப்புக் கணக்கை நீங்கள்தான் வைக்க வேண்டும். ஒரு கிலோ பொட்டலத்தைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் அது 25 நாளில் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 10 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவோ 5 கிராமுக்கும் கீழ். ஊறுகாய், கருவாடு, அப்பளம், கடை மிக்சர் ஆகியவற்றின் உப்பு இந்தக் கணக்கில் வராது என்பதால், அவற்றை நோட்டில் தனியாகக் குறியுங்கள். பெரும்பாலும் களியைக் காட்டிலும் அதற்குத் தொட்டுக்கொள்வதில்தான் உப்பு மிகுதி.

முதல் நான்கு வாரம் வழக்கமான உணவு, அடுத்த நான்கு வாரம் உப்பைக் குறைத்த உணவு, இரண்டிலும் பட்டைக் கருவி அளவீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2001-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், 412 பேருக்கு உணவு முழுவதையும் ஆய்வாளர்களே கொடுத்து, மூன்று உப்பு அளவுகளை ஒவ்வொன்றும் 30 நாள் சோதித்தார்கள். உப்பு குறையக் குறைய அழுத்தமும் குறைந்தது. வீட்டில் அத்தனை கட்டுப்பாடு இயலாது என்பதால்தான் கடிகாரம் இங்கே உதவுகிறது. தூக்கம் கெட்ட வாரத்தையும், மாங்காய் பறிப்பில் கடுமையாக உழைத்த வாரத்தையும் அது நடை, தூக்கம், நாடித்துடிப்பு மூலம் காட்டிக்கொடுப்பதால், மாற்றம் உப்பால் வந்ததா, உழைப்பால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க வழி கிடைக்கிறது. மாத்திரையை மட்டும் இடையில் மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம்.

காவேரிப்பட்டணம், மாணவி: பாட்டியின் கையில் கடிகாரம் துடிப்பையே காட்டவில்லை. முன்கையில் பச்சை குத்தியிருக்கிறார்கள்.

பச்சையின் மை ஒளியைத் தடுக்கும். மற்றொரு கையில், மை இல்லாத இடத்தில் கட்டுங்கள்.

பாலக்கோடு, விவசாயி: பொட்டாசியம் கலந்த உப்புக்கு மாறலாமா?

பலருக்கு அது அழுத்தத்தைக் குறைக்க உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சிலவகை அழுத்த மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். அதை எந்தக் கடிகாரமும் காட்டாது. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்த்து, மருத்துவர் சரி என்ற பிறகு மாறுங்கள்.