உகாண்டாவில் வேலை கிடைத்திருக்கிறது, கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, தருமபுரி மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எட்டு ஆண்டுகளாக மகளிர் சுய உதவிக் குழுக்களோடு வேலை செய்கிறேன். வயது 32. வடக்கு உகாண்டாவில் உள்ள பிடிபிடி அகதிகள் குடியிருப்பில் சேமிப்புக் குழுக்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்புக்கு ஒரு சர்வதேச நிறுவனம் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஓராண்டு ஒப்பந்தம். அம்மா பயப்படுகிறார். அமெரிக்க நிதி நின்று எல்லாரும் வேலை இழக்கும் நேரத்தில் ஏன் போகிறாய் என்கிறார் எங்கள் இயக்குநர். ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்? இங்கே கற்றது அங்கே உதவுமா?

பதில்: போகலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் கையெழுத்துப் போடும் முன் அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: என் பதவிக்கான பணம் எந்தக் கொடையாளரிடமிருந்து வருகிறது, அந்தத் திட்டம் எந்தத் தேதியில் முடிகிறது?

உங்கள் இயக்குநர் சொல்வதில் பாதி உண்மை. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. மார்ச்சில், அந்த உதவியை வழங்கிவந்த அமெரிக்க அரசு அமைப்பான யு.எஸ்.எய்ட்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று அறிவித்தார்கள். ஜூலை 1-இல் அந்த அமைப்பின் வேலையே முடிந்துபோனது. அந்த வாரங்களில் வேலை செய்தவர்களுக்கு வந்த உத்தரவு 'இன்றோடு நிறுத்து' என்பதுதான். ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கான பணமே பல நிறுவனங்களுக்கு வந்து சேரவில்லை. இந்தத் துறையில் ஓராண்டு ஒப்பந்தம் என்றால் 12 மாதச் சம்பளம் உறுதி என்று பொருள் இல்லை. உங்கள் ஒப்பந்தத்திலும் எங்காவது 'நிதி கிடைப்பதைப் பொறுத்து' என்ற வரி இருக்கும். அதை நீக்கச் சொன்னால் நீக்க மாட்டார்கள். ஆனால் அந்த வரியைப் பயன்படுத்தி உங்களை அனுப்பினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, அந்த நாள்களுக்குச் சம்பளம் உண்டா, திரும்பி வரும் விமானச் சீட்டு யார் செலவு என்று கேட்டு எழுத்தில் வாங்கலாம். தயங்காமல் பதில் சொல்கிற நிறுவனத்தை நம்பலாம். 'அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்றால், எத்தனை பெரிய பெயராக இருந்தாலும் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

மீதிப் பாதி? உங்கள் உள்ளூர் வேலையும் அப்படியொன்றும் நிரந்தரம் இல்லை. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகச் சுருங்கியது. ஒரு நிறுவனம் தனக்கு வந்த பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதும் தடையானது. பெரிய அமைப்புகளிடமிருந்து பணம் வாங்கி நடந்த சின்னச் சின்ன கிராம நிறுவனங்கள் அதில் என்ன பாடுபட்டன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவக் காப்பீட்டில் அவசர மீட்பு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிடிபிடி இருக்கும் யும்பே மாவட்டத்திலிருந்து தலைநகர் கம்பாலா சுமார் 500 கிலோமீட்டர். காய்ச்சல் முற்றிய நிலையில் அந்தச் சாலையில் போக முடியாது. சம்பளம் டாலரிலா ஷில்லிங்கிலா, வரி போகக் கையில் வருவது எவ்வளவு என்றும் தெளிவாகக் கேளுங்கள். உகாண்டாவில் சமூகப் பாதுகாப்பு நிதி என்று நம் பி.எஃப். மாதிரி ஒன்று உண்டு. ஊழியர் பங்கு 5 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 10. நாட்டை விட்டுப் போகும் வெளிநாட்டவர் அதைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். முதல் மாதமே கணக்கு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இருக்கும் பி.எஃப்.-ஐ எடுத்துச் செலவழிக்காதீர்கள். வருமான வரிக்கு, செப்டம்பர் முடிவதற்குள் கிளம்புகிறீர்களா அதற்குப் பிறகா என்பது முக்கியம். வரிக்கு நீங்கள் இந்தியாவில் வசிப்பவரா இல்லையா என்பதை முடிவு செய்யும், அந்த நிதியாண்டில் இங்கே எத்தனை நாள் இருந்தீர்கள் என்ற 182 நாள் கணக்கு அதில்தான் இருக்கிறது. ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் பேசுங்கள், போதும்.

விசாவுக்கு, பதிவுக்கு என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் அது மோசடி.

சரி, நீங்கள் கற்றது உதவுமா? இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அந்தப் பகுதியில் நானும் சில ஆண்டுகள் சேமிப்புக் குழுக்களோடு இருந்தேன், போனவுடன் தப்பும் செய்தேன்.

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கியதே உங்கள் மாவட்டத்தில்தான். 1989-இல், சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு. ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள், தீர்மான நோட்டு, உள்கடன், ஆறு மாதம் கழித்து வங்கி இணைப்பு என்று அந்த வரிசை உங்களுக்குத் தூக்கத்திலும் வரும். பிடிபிடியில் நீங்கள் பார்க்கப்போவது வேறொரு குடும்பத்துப் பிள்ளை. 1991-இல் நைஜர் நாட்டில் கேர் என்ற சர்வதேசத் தொண்டு நிறுவனம் தொடங்கிய கிராமச் சேமிப்புக் கடன் சங்கம், வி.எஸ்.எல்.ஏ. என்பார்கள். அதில் வங்கி கிடையாது. ஒரு தகரப் பெட்டி உண்டு. பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவிகள் நிர்வாகிகளிடம் இருக்காது. வேறு மூன்று உறுப்பினர்களிடம் இருக்கும். பெட்டியை வைத்திருப்பவரிடம் சாவியே இருக்கக் கூடாது.

கூட்டத்தன்று மாமரத்தடியில் எல்லாரும் எண் வரிசைப்படி உட்காருவார்கள். மூன்று பேரும் வந்து பூட்டைத் திறந்த பிறகு முதல் வேலை, போன வாரம் பெட்டியில் எவ்வளவு இருந்தது என்று கேட்பது. நோட்டைப் பார்த்துச் சொல்வதில்லை, எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எண்ணிப் பார்த்துச் சரி என்றால்தான் அடுத்தது. பிறகு ஒவ்வொருவராகப் பங்கு வாங்குவார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒன்று முதல் ஐந்து பங்கு வரை. ஒரு பங்குக்குப் பாஸ்புத்தகத்தில் ஒரு ரப்பர் முத்திரை. மூன்று பங்கு வாங்கினால் மூன்று முத்திரை, மீதி இரண்டு கட்டத்தையும் பேனாவால் அடித்துவிடுவார்கள், பின்னால் யாரும் புதிதாகக் குத்திவிடாதபடி. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் தன் கணக்கை விரல் விட்டு எண்ணிவிடலாம். சாவிக்காரர்களில் ஒருவர் வராவிட்டால் அன்று பெட்டி திறக்காது. நான் பார்க்க ஒரு கூட்டம் அப்படியே கலைந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, அடுத்த வாரம் அந்தப் பெண் அபராதம் கட்டினாள்.

ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்தில் பெட்டியை முழுக்கக் காலி செய்து, பங்குக்கு ஏற்ப வட்டியோடு பிரித்துக்கொள்வார்கள். இங்கேதான் நான் சறுக்கினேன். குழுவின் நிதியைக் கலைப்பதா, அது வளர வேண்டும், ஐந்து வருடம் விட்டால் வங்கியில் பெரிய கடன் வாங்கலாமே என்று நம்மூர்ப் பாடத்தை ஒப்பித்தேன். பெண்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். என்னோடு வேலை செய்த உள்ளூர்ப் பெண், வண்டியில் திரும்பும்போது, இவர்களில் பாதிப் பேர் எல்லை தாண்டி ஊருக்குப் போகலாமா என்று மாதாமாதம் யோசிக்கிறவர்கள், இவர்களிடம் போய் ஐந்து வருடம் என்கிறீர்களே என்றாள். 2016 ஜூலையில் தெற்கு சூடானின் தலைநகர் ஜூபாவில் சண்டை மூண்டு, பிறகு அந்நாட்டின் தென்பகுதியான ஈக்குவடோரியா முழுவதும் பரவியபோது ஓடி வந்தவர்கள் அவர்கள். அந்த ஆகஸ்டில் திறந்த பிடிபிடி, டிசம்பருக்குள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் நிரம்பி மூடப்பட்டது. பணம் கையில் வரும் நாளும் அவர்களுக்கு முக்கியம். பள்ளிக் கட்டணம் கட்டும் சமயத்துக்கோ விதைக்கும் சமயத்துக்கோ பொருந்தும்படி கணக்குப் பார்த்துத்தான் பெட்டியை உடைப்பார்கள்.

அதனால் முதல் மூன்று மாதம் எதையும் மாற்றாதீர்கள். உட்கார்ந்து பாருங்கள். உங்கள் எட்டு வருடம் வேறு இடத்தில் கைகொடுக்கும். ஒரு பெண் கடனைக் கட்டாமல் நிற்கும்போது அது சோம்பலா, வீட்டுக்காரன் பிடுங்கிக்கொண்டதா என்று முகத்தைப் பார்த்தே உங்களுக்குத் தெரியும். குழுவில் இரண்டு அணி உருவாகிவிட்டதை உட்காரும் இடத்தை வைத்தே சொல்வீர்கள். இதைப் பயிற்சி வகுப்பில் கற்றுத்தர முடியாது. இன்னொன்றும் நினைவில் வையுங்கள்: உணவு உதவி வெட்டப்பட்ட பிறகு அங்கே கடன் வாங்குவது கடை வைக்க அல்ல, சாப்பிட. வசூல் குறைந்தால் குழுவைத் திட்டும் முன் ரேஷன் பட்டியலைப் பாருங்கள்.

உகாண்டாவில் அகதிகளுக்கு வேலை செய்யவும் நடமாடவும் சட்டப்படி உரிமை உண்டு, 2006-ஆம் ஆண்டுச் சட்டம். குடியிருக்க ஒரு துண்டு நிலமும் தருவார்கள். உதவியில் 30 சதவீதம் அக்கம்பக்கத்து உள்ளூர் மக்களுக்கும் போக வேண்டும் என்பது அரசின் விதி. ஆகவே உங்கள் குழுக்களில் இரு தரப்பும் இருப்பார்கள். காக்வா மொழி எல்லையின் இரு பக்கமும் பேசப்படுகிறது. நாலு வார்த்தை அதில் கற்றுக்கொண்டு போங்கள்.

சங்கடமான ஒரு விஷயம் உண்டு, யாரும் நேர்முகத் தேர்வில் சொல்ல மாட்டார்கள். உங்களைவிட அதிகம் தெரிந்த உள்ளூர்ச் சகா உங்களைவிடப் பல மடங்கு குறைவாகச் சம்பளம் வாங்குவார், அவர் உங்களுக்குக் கீழே இருப்பார். இதற்கு உங்களால் தீர்வு காண முடியாது. ஆனால் அறிக்கையில் அவர் பெயரைப் போடலாம், கொடையாளர் வரும்போது அவரைப் பேச விடலாம்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். உலகெங்கும் கொல்லப்படும் உதவிப் பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் உள்ளூர் ஊழியர்கள்தான். 2006 ஆகஸ்டில் இலங்கையின் மூதூரில் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் 17 ஊழியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அத்தனை பேரும் அந்நாட்டவர். உங்கள் இடம் போர்முனை இல்லை. அங்கே நான் அதிகம் பயந்தது மலேரியாவுக்கும் போடாபோடாவுக்கும். போடாபோடா என்றால் வாடகை மோட்டார் சைக்கிள். இருட்டிய பிறகு ஏறாதீர்கள், ஹெல்மெட் இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள். ஐ.நா.வின் பி-சேஃப் பாதுகாப்புப் பயிற்சி இணையத்தில் இலவசம்; அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முடியுங்கள், பாதிப் பயம் போய்விடும்.

கடைசியாக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், எந்தக் கிழமை என்று முன்கூட்டியே விசாரித்துப் போங்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். உகாண்டாவுக்குள் நுழையவும் அது வேண்டும். அது இல்லாமல் திரும்பினால் இங்கே விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தலுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள்.