வால் தொரான்ஸ் பனிமலைக்கு எந்த ரூட்? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

லண்டன்லேர்ந்து எழுதுறேன். பிப்ரவரி ஹாஃப் டேர்ம் ஸ்கூல் லீவுக்கு ரெண்டு ஃபேமிலி சேர்ந்து ஃப்ரான்ஸ்ல வால் தொரான்ஸ் ஸ்கீ ரிசார்ட்ல அபார்ட்மென்ட் புக் பண்ணியிருக்கோம், சனி டு சனி. ஃப்ளைட் விலையப் பாத்துட்டு கார்லயே போயிடலாம்னு முடிவு. ரூட் விஷயத்துலதான் பஞ்சாயத்து. கூகுள் ரெய்ம்ஸ் வழி காட்டுது, ஃப்ரெண்டு பாரிஸ் வழிதான் கிட்டங்கிறான், ஸூரிக்ல இருக்க மாமா ஸ்விஸ் வழியா வா ரோடு க்ளீனா இருக்கும்ங்கிறார், ஆபீஸ்ல ஒருத்தர் ஜெர்மனில டோலே கிடையாதுங்கிறார். எதுல போறது, எங்க தங்குறது, பனிக்கு டயர்ல மாட்டுற செயின் நிஜமாவே வேணுமா?

– ஆர்., லண்டன்

அன்புள்ள ஆர்.,

ஆபீஸ்காரர் சொன்னது சரிதான், ஆனா அது ஆஸ்திரியாவுக்குப் போறவங்களுக்கு. நீங்க போறது ஃப்ரான்ஸ் ஆல்ப்ஸ்ல சவாய் பக்கம், ஜெர்மனி சுத்துனா டோல்ல மிச்சம் பண்றத பெட்ரோல்ல விட்ருவீங்க. மாமா வழியும் அப்படித்தான், ஸ்விஸ் மோட்டார்வேல ஏறணும்னா 40 ஃப்ராங்க் ஸ்டிக்கர், ஒரு நாளுக்குன்னாலும் வருஷத்துக்குன்னாலும் அதே 40தான், அதுவும் பாஸல் பெர்ன்னு அவ்ளோ தூரம் சுத்திட்டு. மாமாவ வேணா ஒருநாள் மலைக்கு வரச் சொல்லுங்க. பாரிஸ் வேண்டவே வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ரிங் ரோட்ல மாட்டுனா போச்சு, 2024 அக்டோபர்லேர்ந்து அங்க லிமிட்டே மணிக்கு 50 கிலோமீட்டர்தான், அந்த 50கூட போக முடியாது.

அதனால கூகுள் சொல்றதுதான், சின்ன திருத்தத்தோட. கடல் தாண்டி ஃப்ரான்ஸ் கரைல கலேல இறங்குனதும் ஏ26 மோட்டார்வே, ரெய்ம்ஸ், த்ருவா, அப்புறம் ஏ5ல லாங்க்ர், ஏ31ல டிஜான். அங்கேர்ந்து கூகுள் சில சமயம் ஏ6ல தள்ளி லியோனுக்குள்ள இழுக்கும், கேக்காதீங்க, ஏ39 பிடிச்சு பூர்-ஆன்-ப்ரெஸ் போங்க, ரோடு காலியா இருக்கும். லியோனுக்கு முன்னாடியே ஏ432ன்னு ஒரு குட்டி ரோடு ஏர்போர்ட் ஓரமா போய் ஏ43ல சேத்துடும், ஊருக்குள்ள நுழையவே வேண்டாம். அப்புறம் ஷாம்பெரி, ஆல்பர்ட்வில், மலையடிவாரத்துல மூத்தியே. ஒரு பக்கத்துக்கு டோல் மட்டும் 80–100 யூரோ ரேஞ்ச்ல வரும். உங்க கார் ரைட் ஹேண்ட் ட்ரைவ், டோல் மெஷின் இடது பக்கம், அதனால முன்சீட்ல தூங்குறவங்கதான் ஒவ்வொரு தடவையும் எழுந்து கண்ணாடிய இறக்கி அந்தக் குளிர்ல கைய நீட்டி டிக்கெட் எடுக்கணும், பத்து நிமிஷம் கழிச்சு அந்த டிக்கெட் எங்கன்னு தேடுவாங்க, பின்னாடி ஹார்ன் அடிப்பான். கிளம்புறதுக்கு முன்னாடியே டோல் டேக் வாங்கிடுங்க, குடும்ப அமைதிக்கு நல்லது.

ஆனா இந்த ரூட் சண்டையெல்லாம் ஆல்பர்ட்வில் வரைக்கும்தான். கடைசி 65 கிலோமீட்டர்ல எல்லா ரூட்டும் ஒண்ணாயிடும். ஆல்பர்ட்வில்லேர்ந்து மூத்தியேக்கு என்90ன்னு ஒரே ரோடு, 1992 ஒலிம்பிக்ஸுக்காக அகலப்படுத்துனது, பள்ளத்தாக்குல இருக்க அத்தனை பெரிய ரிசார்ட்டுக்கும் அதுதான் வாசல். எல்லாரும் சனிக்கிழமைதான் ரூம் மாத்துறாங்க. 2014 டிசம்பர் 27 சனிக்கிழமை, பனி கொட்டி சவாய்ல 15,000 கார்காரங்க நடுரோட்ல மாட்டி, ராத்திரி ஸ்கூல் ஜிம்லயும் கம்யூனிட்டி ஹால்லயும் படுக்க வச்சாங்க. அதனால எந்த வழின்னு யோசிக்கிறதவிட ஆல்பர்ட்வில்ல எத்தன மணிக்குத் தாண்டுறீங்கன்னு யோசிங்க. காலைல 8 மணிக்கு முன்னாடி, இல்லன்னா சாயங்காலம் 7க்கு மேல. நடுவுல போனா ஊர்ந்துதான் போகணும். பிசோன் ஃப்யூத்தேன்னு கவர்மென்டே 1976லேர்ந்து ட்ராஃபிக் எப்படி இருக்கும்னு பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்புன்னு முன்கூட்டியே சொல்றாங்க, கிளம்புற வாரம் அதப் பாருங்க. உங்க ஹாஃப் டேர்மும் பாரிஸ் ஸ்கூல் லீவும் ஒரே வாரத்துல விழுந்தா அன்னைக்கு பச்சைக்கு வாய்ப்பே இல்ல.

என்னக் கேட்டா வெள்ளிக்கிழமை பசங்களுக்கு லீவு போட்டு காலைலயே கிளம்பி ராத்திரி ஷாம்பெரில தங்குவேன் (ஸ்கூல்ல மூஞ்சி சுளிப்பாங்க, அது உங்க பாடு). சனிக்கிழமை இருட்டோட எழுந்து மேல போய், ரூம் சாயங்காலம்தான் தருவாங்க, அதுவரைக்கும் ஸ்கீ போட்டு அளவு பாருங்க, பசங்க பனில புரளட்டும். லீவு கிடைக்கலன்னா ராத்திரி ரெய்ம்ஸ், மறுநாள் அவசரமே படாம வந்து ஷாம்பெரில சாப்ட்டுட்டு 7 மணிக்கு மேல ஏறுங்க. மலைல பனி கொட்டிட்டிருந்தா மட்டும் கீழயே ஒரு ரூம் பாருங்க.

செயின் விஷயம். ஃப்ரான்ஸ்ல நவம்பர் 1லேர்ந்து மார்ச் 31 வரைக்கும் மலைப்பகுதில வின்டர் டயராவது இருக்கணும், இல்ல செயினோ டயருக்குப் போடுற துணி உறையோ டிக்கில இருக்கணும். டயர் ஓரத்துல மலைக்குள்ள பனிப்பூ படம் இருக்கான்னு பாருங்க, வெறும் எம்+எஸ் (மட் அண்ட் ஸ்னோ) எழுத்து மட்டும் இருந்தா 2024 நவம்பர்லேர்ந்து செல்லாது. படம் இருந்தாலும் நான் செயின் வச்சிருப்பேன், வால் தொரான்ஸ் 2300 மீட்டர் உயரம், மூத்தியேலேர்ந்து 37 கிலோமீட்டர் வளைஞ்சு வளைஞ்சு ஏத்தம். லண்டன்ல வீட்டு வாசல்லயே ஒருதடவ மாட்டிக் கழட்டிப் பாருங்க. அங்க போய்ப் பாத்துக்கலாம்னா, ரோட்டோரம் சேத்துப்பனில முட்டி போட்டு, கைல உணர்ச்சியே இல்லாம, டயருக்குப் பின்னாடி கொக்கி எங்கன்னு மொபைல் வெளிச்சத்துல தடவிட்டிருப்பீங்க. ரப்பர் கையுறை எடுத்துக்கோங்க, கம்பளி கையுறை ஒரு நிமிஷத்துல நனைஞ்சிடும். முன்சக்கர ட்ரைவ்னா முன்னாடிதான் மாட்டணும்.

இன்னொண்ணு, வழி காட்டுற பழைய சாட்நாவ் மெஷின் வச்சிருந்தா அது பக்கத்துப் பள்ளத்தாக்கு மொரியென் பக்கம் போய் கோல் த லா மத்லென்ங்கிற கணவாயத் தாண்டச் சொல்லும், மேப்புல பாத்தா ஷார்ட்கட் மாதிரியே இருக்கும், குளிர்காலம் முழுக்க அந்தக் கணவாய் மூடிதான் கிடக்கும்.

மேல காரத் தெருவுல விட முடியாது, சாமான இறக்கிட்டு பார்க்கிங்ல போட்றணும், அதையும் இப்பவே ஆன்லைன்ல புக் பண்ணிடுங்க. பெட்ரோல ஆல்பர்ட்வில் சூப்பர்மார்க்கெட் பங்க்ல ஃபுல் பண்ணுங்க, மோட்டார்வே பங்க்ல விலை கொள்ளை. திரும்புற சனிக்கிழமை காலைல எல்லாரும் ஒண்ணா சாவியக் குடுத்துட்டு இறங்குவாங்க, முடிஞ்சா வெள்ளிக்கிழமை ராத்திரியே இறங்கி டிஜான் பக்கம் எங்கயாவது படுத்துடுங்க, ஒரு ராத்திரி வாடகை வீணானாலும் பரவால்ல.