ஆடம்ஸ் எழுதிய மற்ற கடிதங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது லண்டனில் அமெரிக்க (வட மாநில) அரசின் தூதராக இருந்த சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ், 1863இல் ‘இது போர்’ என்று ஒரு வரி எழுதித் தென் மாநிலங்களுக்காக பிரிட்டனில் கட்டப்பட்ட இரண்டு கவசக் கப்பல்களைத் தடுத்துவிட்டார் என்று படித்தேன். தாத்தாவும் அப்பாவும் ஜனாதிபதிகள் என்பதால் வந்த துணிச்சலா இது? தூதர் வேலை என்பதே சொல்வன்மைதானா?

க.

அன்புள்ள க.,

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். குடும்பப் பெருமையை விடுங்கள். பதவி கிடைக்க அது உதவியிருக்கும். 1861 முதல் 1868 வரை லண்டனில் தாக்குப்பிடிக்க உதவாது.

தேதிகளைப் பார்க்காமல் வரலாறு படிக்கிறீர்கள், அதுதான் எனக்குக் கோபம். ஆடம்ஸ் அந்த வரியை எழுதியது செப்டம்பர் 5. கப்பல்களை நிறுத்த பிரிட்டிஷ் வெளியுறவுச் செயலர் ரஸ்ஸல் 3ஆம் தேதியே முடிவெடுத்துவிட்டார். ஆடம்ஸுக்குத் தகவல் வந்ததுதான் 8ஆம் தேதி. அப்படியானால் ரஸ்ஸலை அசைத்தது எது? அதற்கு முந்தைய ஆண்டுக்குப் போக வேண்டும்.

1819ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டப்படி, அந்நியப் போருக்காக அந்த மண்ணில் கப்பலை ஆயத்தம் செய்வதோ ஆயுதம் பூட்டுவதோ குற்றம். தென் மாநிலங்களின் முகவர் புல்லக் அதில் ஓட்டை கண்டார்: வெறும் கப்பலை இங்கே கட்டு, பீரங்கியை வெளியே ஏற்று. பெர்கன்ஹெட்டில் லேர்ட் தளத்தில் 290 என்ற எண்ணோடு வளர்ந்த அலபாமா என்ற போர்க்கப்பல் அப்படிப்பட்டது. லிவர்பூலில் அமெரிக்கத் துணைத்தூதர் டட்லி, வேலைக்கு அழைக்கப்பட்ட மாலுமிகளிடம் பிரமாணப் பத்திரங்கள் வாங்கினார். ஆடம்ஸ் 1862 ஜூன் 23 அன்று ரஸ்ஸலுக்கு முதல் புகாரை அனுப்பினார். பின்னர் காலியர் என்ற வழக்கறிஞரின் சட்டக் கருத்தையும் சேர்த்தார். ஆனால் காகிதங்கள் அரசின் சட்ட அதிகாரி ஹார்டிங்கின் வீட்டில் பல நாட்கள் கிடந்தன. அவர் மனநலம் குன்றியிருந்தார். ஜூலை 29 அன்று சோதனை ஓட்டம் என்று விருந்தினரையும் ஏற்றிக்கொண்டு அலபாமா புறப்பட்டது; விருந்தினரை இழுவைப் படகில் திருப்பி அனுப்பிவிட்டு, அசோர்ஸ் தீவுகளில் பீரங்கிகளை ஏற்றிக்கொண்டது. மூழ்கும் முன் வட மாநிலங்களின் அறுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களைப் பிடித்தது.

புகார் தோற்றது. ஆனால் ஆடம்ஸ் நிறுத்தவில்லை. அலபாமா செய்த ஒவ்வொரு நாசத்துக்கும் தேதியிட்டு, பொறுப்பு பிரிட்டனுடையது என்று மறுபடி மறுபடி எழுதினார். அடுத்து நீங்கள் சொன்ன கவசக் கப்பல்கள் தயாரானபோது, இதே தவறை மீண்டும் செய்தால் கணக்கு எங்கே போய் முடியும் என்று ரஸ்ஸலுக்குத் தெரிந்திருந்தது. எதிரிக் கப்பலை மோதி உடைக்க நீருக்கடியில் இரும்பு அலகோடு நின்ற அந்தக் கப்பல்களை எகிப்தின் ஆட்சியாளரான பாஷாவுக்கானவை என்று சொன்னதை நம்புவதும் கடினம். கடைசியில் பிரிட்டிஷ் கடற்படையே வாங்கிக்கொண்டது. சொல்வன்மையா இது? பொறுமை, தம்பி. வாங்கிய ஒவ்வொரு தாளையும் பத்திரப்படுத்தும் பொறுமை.

அதன் பலன் 1872இல், இந்த இழப்புகளை விசாரித்த ஜெனீவா நடுவர் மன்றத்தில் தெரிந்தது. அலபாமா விஷயத்தில் ஐந்து நடுவர்களும், பிரிட்டனின் காக்பர்ன் உட்பட, பிரிட்டனையே பொறுப்பாக்கினார்கள். மொத்த இழப்பீடு 1.55 கோடி டாலர், தங்கமாக. அமெரிக்காவின் நடுவராக அமர்ந்திருந்தவர் ஆடம்ஸ். போர் நீண்டதற்கே நஷ்டஈடு கேட்ட தன் நாட்டின் மறைமுகக் கோரிக்கைகளால் மன்றமே கலையப் பார்த்தபோது, அவற்றை ஒதுக்கிவைக்க வழிசெய்தவரும் அவர்தான்.