மத்தியாவா, பவுலா: பன்னிரண்டாவது யார்?

சகோதரி, இயேசுவின் பன்னிரண்டு அப்போஸ்தலரில் (அவர் அனுப்பிய தூதரில்), அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸுக்குப் பதிலாக வந்தவர் மத்தியாவா, பவுலா என்று சண்டே ஸ்கூல் பையன் கேட்டது நல்ல கேள்விதான். யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தது அவசரப்பட்ட காரியம், உண்மையான பன்னிரண்டாவது ஆள் பவுல்தான் என்று பலர் பிரசங்கமே செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் (அப்.) 1:21-22ஐப் பாருங்கள். யோவானின் ஞானஸ்நான நாள்முதல் இயேசு பரமேறிய நாள்வரை கூடவே இருந்தவராக இருக்க வேண்டும் என்பது பேதுரு வைத்த நிபந்தனை. அதற்குப் பொருந்தியவர்கள் என்று யோசேப்பு பர்சபாவையும் மத்தியாவையும் நிறுத்தினார்கள். அந்த நாட்களில் இயேசுவோடு இல்லாத பவுல் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. மத்தியாவின் பெயர் அப்புறம் புதிய ஏற்பாட்டில் வருவதில்லை என்பார்கள். சரி, பன்னிருவரில் இன்னும் சிலருக்கும் அதே கதிதானே!

பன்னிரண்டு என்பது இஸ்ரவேலின் கோத்திரக் கணக்கு (மத்தேயு 19:28). யூதாஸ் துரோகம் செய்து இடத்தை இழந்ததால் அதை நிரப்பினார்கள். பிறகு ஏரோது அகிரிப்பா பன்னிருவரில் ஒருவரான யாக்கோபை வாளால் கொன்றபோது (அப். 12) வேறு ஆளைத் தேடவில்லை; அவர் துரோகத்தால் இடத்தை இழக்கவில்லையே.

ஆனால் அப்போஸ்தலர் என்ற வட்டம் பன்னிரண்டோடு முடியவில்லை. அப். 14:14இல் பவுலின் ஊழியத் தோழரான பர்னபாவும் அப்போஸ்தலர்தான். பவுலே 1 கொரிந்தியர் 15இல் "பன்னிருவர்" என்று ஒருமுறையும், "அப்போஸ்தலரெல்லாரும்" என்று தனியாக இன்னொரு முறையும் சொல்லிவிட்டு, தன்னைக் கடைசியில் வைக்கிறார். உயிர்த்த இயேசுவைக் கண்டதும், புறஜாதியாரிடம் (யூதரல்லாதவரிடம்) அனுப்பப்பட்டதும்தான் அவர் காட்டும் ஆதாரம்.

அந்தப் பையனையே 1 கொரிந்தியர் 15இல் 5 முதல் 9 வரையுள்ள வசனங்களை வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.