மாத்திரை போட்டுப் படித்தும் மார்க் குறைகிறதா?

டோஸைக் கூட்டாதீர்கள், பலன் வராது. ஏடிஎச்டி என்ற கவனக்குறைபாட்டுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் மீதைல்ஃபெனிடேட் மாத்திரையை நண்பரிடம் வாங்கிப் போட்டு ராத்திரி முழுக்க அசையாமல் உட்கார்ந்தும் மாதிரித் தேர்வில் மார்க் குறைந்தது என்கிறீர்கள். உட்கார வைப்பது வேறு, சரியாக யோசிக்க வைப்பது வேறு.

மூளையில் செய்தி கடத்தும் டோபமைன், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்கள் திரும்ப உறிஞ்சப்படுவதை இந்த மருந்து தடுக்கிறது, அதனால் அவற்றின் அளவு கூடுகிறது. நெற்றிப்புற மூளைக்கு இவை குறைந்தாலும் சிக்கல், மிஞ்சினாலும் சிக்கல். ஏடிஎச்டி இல்லாத உங்களுக்கு மிஞ்சியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 2023-இல் வெளியான மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வில், ஆரோக்கியமான 40 பேருக்கு, எடை வரம்பு மீறாமல் பையில் எந்தப் பொருள்களை அடுக்கினால் மதிப்பு கூடும் என்ற புதிரைக் கொடுத்தார்கள். மருந்து எடுத்தபோது நேரமும் முயற்சியும் கூடின, முயற்சியின் தரம் குறைந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தபோது நன்றாகச் செய்தவர்கள்தான், மருந்து எடுத்தபோது பெரும்பாலும் சறுக்கினார்கள்.

ஒன்று செய்து பாருங்கள். மாத்திரை இல்லாமல், ஏழு மணி நேரம் தூங்கி எழுந்து, அதே அளவு வினாத்தாளை எழுதுங்கள். உட்கார்ந்த நேரத்தை விடுங்கள், தவறான விடைகளை மட்டும் எண்ணுங்கள். தூக்கம் கெட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்புறம், சின்ன வயதிலிருந்தே கவனம் சிதறுகிறது என்றால் கதை வேறு. மனநல மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு படபடத்தாலோ வலித்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இந்த மருந்து ரத்த அழுத்தத்தை ஏற்றும்.